ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம்

வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்குத் தொழிலாளிக்குச் சட்டப்படி சேர வேண்டிய தொகைதான் இழப்பீடு. பஞ்சாலைகள் நிறைந்த ராஜபாளையத்திலும், கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டியிலும், ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள தறிக்கூடங்களிலும் இது அன்றாட வாழ்வோடு ஒட்டிய விஷயம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியபோதே இதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1923-ல் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் அமலானது.

பஞ்சாலையில் கை மாட்டும் இடங்கள் எவை என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஸ்பின்னிங் இயந்திரத்தில் நூல் அறுந்து ரோலரில் சுற்றிக்கொள்ளும். ஓட்டத்தை நிறுத்தாமல் அதைப் பிய்த்தெடுக்கப் போகும்போது விரல் சிக்கும். பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியில் முள்பொதிந்த உருளையைச் சுத்தம் செய்யும்போது கையே உள்ளே இழுபடலாம். கண்ணுக்குத் தெரியாத பாதிப்பும் உண்டு. பஞ்சுப் பொதியைப் பிரிக்கும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பல ஆண்டுகள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு ‘பிசினோசிஸ்’ என்ற நுரையீரல் நோய் வரும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்க அடையாளம். சட்டம் இதைத் தொழில்சார் நோயாக ஏற்று, விபத்துக் காயத்துக்கு இணையாக வைத்திருக்கிறது.

காயம்பட்டவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையில் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் (ஈ.எஸ்.ஐ.) பொருந்தும். தமிழ்நாட்டில் இத்திட்டம் 1955-ல் கோவையில் தொடங்கியது. ஈ.எஸ்.ஐ.க்குள் வராத சிறு தறிக்கூடத் தொழிலாளிக்கும், ஊதிய வரம்பைத் தாண்டியவருக்கும் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த இழப்பீடே துணை. ஒரே காயத்துக்கு இரண்டிலும் பணம் கேட்க முடியாது; ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர் அங்கேதான் போக வேண்டும்.

ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளி 0.75 சதவீதமும் நிர்வாகம் 3.25 சதவீதமும் சந்தா செலுத்துகின்றனர். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இந்த உரிமை உண்டு. நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு இழப்பின் அளவைச் சதவீதமாகத் தீர்மானிக்கும். அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்கத் தொகை வரும். தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. பெரிய சிகிச்சைக்கு மதுரையிலும் சிவகாசியிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன.

1923 சட்டத்தின் கணக்கு வேறு மாதிரி. அதில் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் அட்டவணை உண்டு. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் 30 வயதுத் தொழிலாளி ஆள்காட்டி விரலை இழந்ததாக வைத்துக்கொள்வோம். முழு ஊனத்துக்கான கணக்கின் அடிப்படை ஊதியத்தில் 60 சதவீதம், அதாவது 7,200 ரூபாய். அதை 30 வயதுக்கான காரணியான 207.98-ஆல் பெருக்கினால் 14,97,456 ரூபாய். அதில் 14 சதவீதம், அதாவது ஏறத்தாழ 2,09,644 ரூபாய் அவருக்குச் சேர வேண்டும். ஊதியம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய்.

அட்டவணை மட்டுமே முடிவான அளவுகோலும் அல்ல. இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

“மிஷின் ஓடும்போது கையை விட்டது உன் தப்பு” என்பது காயம்பட்டவர் அடிக்கடி கேட்கும் சொல். வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தட்டிப்பறிக்காது. போதையில் இருந்தது, பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது போன்ற சில காரணங்களுக்கே விலக்கு. மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் அந்த விலக்கும் செல்லாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் ஆலை நிர்வாகமே பொறுப்பு. ஆலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும், ‘கேம்ப் கூலி’ எனப்படும் பெண்களுக்கும் இதே உரிமை உண்டு. தொகை ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 1923, 1948 ஆகிய இரு சட்டங்களையும் தன்னுள் இணைத்துக்கொண்டது. இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படை மாறவில்லை. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், பணிக்கால விபத்தாகக் கருதப்படும். இரவு ஷிப்ட் முடித்து ஊர் திரும்புகிறவர்களுக்கு இது முக்கியமானது.

இத்தனை உரிமைகளும் ஒரு காகிதத்தில் தொடங்குகின்றன. விபத்து ஆலையின் விபத்துப் பதிவேட்டில் ஏறாவிட்டால், மருத்துவமனைச் சீட்டில் ‘வீட்டில் விழுந்ததாக’ எழுதப்பட்டால், பிறகு எந்த அட்டவணையும் உதவுவது கடினம். தொழிற்சங்கம் உள்ள ஆலையில் இந்தப் பதிவைக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது; இல்லாத இடத்தில் உடன் வேலை பார்ப்பவரும் குடும்பத்தாருமே கேட்க வேண்டும். அடிபட்ட அன்றே பதிவேட்டில் பெயரும் நேரமும் ஏறுவதை உறுதிசெய்து, மருத்துவச் சீட்டின் நகலையும் ஊதியச் சீட்டையும் பத்திரப்படுத்தி, இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை மனுவைத் தாக்கல் செய்துவிடுவது நல்லது.