ஏற்றமும் இறக்கமும்: காத்திருக்கும் கைகளுக்கு ஒரு பின்னல்

பரிசோதனை முடிவுக்காகவும், அறுவை அரங்கின் கதவு திறப்பதற்காகவும் காத்திருக்கும் பொழுதில் கைகளுக்கு வேலை இருப்பதில்லை. மனத்திற்கோ ஓய்வு இருப்பதில்லை. அப்பொழுதுக்கு ஏற்ற ஒரு கைவேலையை இவ்விதழில் அறிமுகப்படுத்துகிறோம். அது, கம்பளி நூலில் அலையென ஏறி இறங்கும் ஜிக்ஜாக் பின்னல்.

மருத்துவமனைக்குப் பின்னல் புதிதன்று. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குப் படுக்கையிலேயே பின்னலும் கூடை முடைதலும் கற்பிக்கப்பட்டன. ஜிக்ஜாக் வடிவமோ, இத்தாலியில் 1953-இல் தொடங்கிய மிசோனி நிறுவனத்தின் ஆடைகளால் உலகெங்கும் பெயர் பெற்றது.

பல வடிவங்களுள் இதனை நாங்கள் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இதில் இரண்டே வரிசைகள் மாறி மாறி வருகின்றன. செவிலியர் அழைத்தால் எந்த இடத்திலும் நிறுத்தி எழலாம்; திரும்பி வந்து பார்த்தால், விட்ட இடத்தைத் துணியே காட்டிவிடும்.

தேவையானவை: துவைக்கத்தக்க அக்ரிலிக் அல்லது பருத்தி நூல், 4 மில்லிமீட்டர் மூங்கில் ஊசிகள் இரண்டு.

செய்முறை: 44 கண்ணிகள் ஏற்றி, ஒரு வரிசை முழுவதும் நேர்க்கண்ணியாகப் பின்னிக்கொள்ளுங்கள்.

முதல் வரிசை: ஓரத்தில் 1 கண்ணி பின்னுங்கள். அடுத்த கண்ணியில் முன்புறம் ஒருமுறை, பின்புறம் ஒருமுறை பின்னி ஒன்றை இரண்டாக்குங்கள். பிறகு 4 கண்ணிகள். அடுத்த இரண்டைப் பின்புறமாக ஊசி செலுத்தி ஒன்றாகச் சேருங்கள். அதற்கடுத்த இரண்டை முன்புறமாகச் சேருங்கள். மீண்டும் 4 கண்ணிகள், அடுத்ததை இரண்டாக்குங்கள். இந்த 14 கண்ணித் தொகுதியை மூன்று முறை செய்து, ஓரத்து 1 கண்ணியோடு முடியுங்கள்.

இரண்டாம் வரிசை: முழுவதும் நேர்க்கண்ணி. இவ்விரண்டையும் வேண்டிய நீளம் வரை தொடருங்கள். சில வரிசைகளுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றினால் அலைகள் தெளிவாகத் தெரியும்.

கூட்டிய இடம் சிகரமாக எழும். குறைத்த இடம் பள்ளமாகத் தாழும். கூட்டியதும் குறைத்ததும் சமமாதலால் ஒவ்வொரு வரிசை முடிவிலும் 44 கண்ணிகளே இருக்க வேண்டும். எண்ணிக்கை மாறினால் அவ்வரிசையை மட்டும் பிரித்தால் போதும். 14 கண்ணிகளுக்கு ஒருமுறை ஊசியில் வேறு நிற நூல் வளையம் ஒன்றை மாட்டிவைத்தால் தவறு எத்தொகுதியில் உள்ளதென்பது உடனே விளங்கும்.

கவனத்திற்கு: சொட்டுமருந்து ஊசி பொருத்திய கையால் பின்ன வேண்டாம். இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும், மார்பக அறுவை சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குங்கள். கையில் கனமோ வீக்கமோ மரத்துப்போதலோ தோன்றினால் நிறுத்திச் செவிலியரிடம் தெரிவியுங்கள். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை விரல்களை விரித்து மடக்குங்கள். உலோக ஊசிகளை எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுசெல்லலாகாது. குழந்தைகளின் கட்டிலில் ஊசிகளை விட்டுச்செல்ல வேண்டாம்.

நோயாளி உறங்கும் வேளையில், உடனிருப்பவர் நாளுக்கு நான்கு வரிசைகள் பின்னினாலும் போதும். வீடு திரும்பும் நாளில் துணி முடிந்திருக்க வேண்டுமென்பதில்லை. எஞ்சியதை வீட்டில் அமர்ந்தும் பின்னலாம்.