கெடா குடும்பம் பெரிய ஊருக்குப் போனால் எங்கே சாப்பிடுவது?

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சனியும் ஞாயிறும். சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய், அலோர் ஸ்டார் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் நகரச் சுற்றுலா கிளம்பும்போது, சாப்பாட்டுச் சிக்கலில் பாதி இந்த நாள் கணக்கில்தான் இருக்கிறது. கெடாவின் விடுமுறை வெள்ளிக்கிழமை அந்த நகரங்களில் வேலை நாள். மதியம் அலுவலகக் கூட்டம் கடைகளை நிறைத்துவிடும். ஜும்மா தொழுகைக்காக மாமாக் கடைகளும் நாசி கண்டார் கடைகளும் பல, ஏறக்குறையப் பன்னிரண்டரை மணி முதல் இரண்டரை வரை மூடியிருக்கும். அதற்குமேல், பல இந்துக் குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை சைவம். ஆகவே எந்தக் கடை என்று தேடுவதைவிட, எந்த நாளில் எத்தனை மணிக்கு என்று திட்டமிடுவதே முதல் வேலை.

தோட்ட வாழ்க்கையில் இந்தக் கேள்வி எழுந்ததே குறைவு. இருட்டோடு பெரட்டுக்குப் போய், மரம் வெட்டிப் பாலெடுத்த குடும்பங்கள் வருடத்தில் ஓரிரு முறை தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கோ பத்துமலைக்கோ போனால், புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு போவார்கள். மற்ற வேளைக்குத் தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் இருந்தன. பிறகு தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் தாமான் வீடுகளில் வளர்ந்தார்கள்; விடுமுறை என்றால் வெளிச்சாப்பாடு என்பது அவர்களுக்கு இயல்பான எண்ணம். ஆனாலும் பயணத்தின் முதல் வேளைக்குக் கட்டுச்சோற்றை இன்னும் எதுவும் மிஞ்சவில்லை. ரயிலிலோ காரிலோ ஒரு வேளை முடிந்துவிட்டால், ஊருக்குள் நுழைந்தவுடன் பசியில் அழும் பிள்ளையோடு கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைய வேண்டியதில்லை.

கெடாவுக்கு மிக அருகிலுள்ள பெரிய நகரம் ஜார்ஜ் டவுன். சுங்கை பட்டாணியிலிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் இறங்கினால், ரயில், பேருந்து, பெர்ரி மூன்றும் பினாங் சென்ட்ரலில் அடுத்தடுத்து இருக்கின்றன. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய பெர்ரிகளில் கார் ஏற்ற முடியாது. கார்க்காரர்கள் பாலத்தில்தான் போக வேண்டும். தீவில் கரையேறிச் சிறிது நடந்தால் லிட்டில் இந்தியா வந்துவிடும். பினாங்குத் தெரு, மார்க்கெட் தெரு, 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில் உள்ள குயின் தெரு ஆகியவை இதில் அடக்கம். இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் நடை தூரத்தில் கிடைப்பதால், முழங்கால் வலியுள்ள பாட்டியோடு வரும் குடும்பத்துக்கு இதைவிட வசதியான பகுதி தீவில் இல்லை.

பினாங்கின் பெயர் சொல்லும் சாப்பாடு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடிபோல் மூங்கில் கழி வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதிலிருந்து வந்தது இது. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907இல் தொடங்கியது. பழகாதவர்கள் கடையின் நடைமுறையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. வரிசையில் நின்று முதலில் சோறு, பிறகு கைகாட்டிய கோழி, மீன், முட்டை, வெண்டைக்காய். கடைசியில் கடைக்காரர் நாலைந்து சட்டிகளிலிருந்து கரண்டி கரண்டியாகக் குழம்பை எடுத்து எல்லாவற்றின் மேலும் கலந்து ஊற்றுவார். அந்தக் கலப்பில்தான் ருசி. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் அந்தக் குழம்பு வேண்டாமென்று கரண்டி தூக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பல கடைகளில் தட்டைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள். பெரிய இறால், மீன் முட்டை, நண்டு ஆகியவை தட்டில் ஏறினால் கணக்கு எகிறும். எடுக்கும் முன்பே விலை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு ஒரு தட்டை இரண்டாகப் பிரித்துத் தரச் சொன்னாலும் மறுக்கமாட்டார்கள்.

கர்னி டிரைவ் போன்ற அங்காடி மையங்களில் முறை வேறு. முதலில் ஒருவர் மேசை பிடிக்க வேண்டும். மற்றவர்கள் பிடித்த கடையில் மேசை எண்ணைச் சொல்லி வந்துவிடலாம். சாப்பாடு மேசைக்கு வரும்போது காசு கொடுக்க வேண்டும். பானம் விற்பவர் தனி ஆள். சீனக் காப்பிக்கடைகள் சிலவற்றில் எதுவும் குடிக்காமல் உட்கார்ந்தால் சிறு கட்டணம் கேட்பதும் உண்டு. எட்டுப் பேர் குடும்பத்தில் எட்டு விருப்பம் இருந்தாலும் ஒரே மேசையில் முடிந்துவிடுகிறது. பசம்பூரும் மீ கோரிங்கும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

சைவம் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. கங்குங் கீரையில் பெலாச்சான் இருக்கும். ஆசாம் லக்சாவின் சாறே மீன். சார் குவே தியாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'சாயோர்' என்று மட்டும் கேட்டால் காய்கறி வரும், கூடவே இறால் விழுதும் வரும். மீன் வேண்டாம், இறால் வேண்டாம், பெலாச்சான் வேண்டாம் என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். அருகில் இந்திய சைவக் கடை இல்லாவிட்டால் சீனர்களின் சைவக் கடைகள் கைகொடுக்கும். பௌத்த முறைப்படி நடக்கும் கடைகள் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சீன நாட்காட்டியில் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே கூட்டம் அதிகம்.

கோலாலம்பூர் பயணம் 2015இல் இடிஎஸ் ரயில் பாடாங் பெசார் வரை நீண்ட பிறகு எளிதானது. அலோர் ஸ்டாரிலோ சுங்கை பட்டாணியிலோ ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து நூ சென்ட்ரல் பேரங்காடி வழியாக வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலை. வாழையிலைச் சாப்பாட்டுக்கு நகரில் இதுதான் முதல் இடம். சோறும் குழம்பும் காய்களும் ரசமும் மறுபடி கேட்டால் பெரும்பாலும் கூடுதல் காசில்லை. கோழிப் பெரட்டல், பொரித்த மீன் ஆகியவற்றுக்குத் தனி விலை. வேலை நாளில் பன்னிரண்டரைக்குப் போனால் உட்கார்ந்திருப்பவர் எப்போது எழுவார் என்று பின்னால் நிற்க வேண்டியிருக்கும். பதினொன்றரைக்கு உட்காரும் குடும்பத்துக்கு மேசையும் கிடைக்கும், சூடான கறியும் கிடைக்கும். பத்துமலைக்குப் போகிறவர்களுக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்தே நேர் ரயில் உண்டு. 272 படி ஏறி இறங்கியதும் அடிவாரத்திலேயே சைவ உணவகங்கள் இருக்கின்றன.

பசியாறுதல் எந்த ஊரிலும் எளிது. ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரிக் என்று எல்லா இனத்தாரும் ஒரே மேசையில் பசியாறும் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஒரு குறிப்பு மட்டும்: மாமாக் கடையில் ரொட்டிக்குப் பருப்புக் குழம்போடு கோழிக் குழம்பும் கலந்து ஊற்றிவிடுவார்கள். பருப்பு மட்டும் என்று முன்பே சொல்ல வேண்டும்.

பேரங்காடிகளின் உணவுத் தளங்கள் குளிரூட்டப்பட்டவை, கழிவறை பக்கத்திலேயே இருக்கும், கைக்குழந்தைக்கு உயர நாற்காலி கிடைக்கும். வெயில் மதியத்தில் அதுவும் பெரிய உதவிதான். ஆனால் அங்குள்ள பெரிய உணவகங்களில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஆறு விழுக்காடு சேவை வரியும் சேர்ந்தால், 100 ரிங்கிட் சாப்பாடு 116 ரிங்கிட் அளவுக்கு வந்துவிடும். சாலையோர ஒட்டுக்கடையில் அந்தச் சுமை இல்லை. சுத்தம் பற்றிய பயம் இருந்தால் ஊராட்சி மன்றம் தந்த ஏ, பி, சி தரச் சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். 2019 ஜனவரி முதல் எல்லாச் சாப்பாட்டுக் கடைகளிலும் புகைபிடிக்கத் தடை. பக்கத்து மேசைக்காரர் பற்ற வைத்தால் கடைக்காரரிடம் தயங்காமல் சொல்லலாம்.

காரில் திரும்புகிறவர்களுக்கு வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்விடங்களில் பெரும்பாலும் மலாய்ச் சாப்பாடே கிடைக்கும். சைவம் தேவைப்படுவோர் பிரிக்பீல்ட்ஸைவிட்டுக் கிளம்பும் முன்பே இரவுச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.