கண்ணுக்குள் சத்தமில்லாத சண்டை!

குட்டீஸ்! நவம்பர் 14 என்றதும் நேரு மாமாவும் குழந்தைகள் தினமும்தானே நினைவுக்கு வரும்? அதே நாளுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது, 'உலக நீரிழிவு நோய் தினம்!' இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான கனடா நாட்டு டாக்டர் பிரெடரிக் பேண்டிங், 1891ம் ஆண்டு பிறந்தது அந்த நாளில்தான்.

இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023ல் வெளியான ஆய்வு சொல்கிறது. உங்கள் வீட்டுத் தாத்தாவோ, பாட்டியோ கூட சர்க்கரை போடாத காபி குடிக்கலாம். 'இந்த நோய்க்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? நிறைய உண்டு!

கண்ணின் பின்சுவர்

நம் கண்ணின் உள்ளே, பின்சுவரில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் விழித்திரை. அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத இதில், ஒளியை உணரும் செல்கள் பல கோடி இருக்கின்றன. நாம் பார்க்கும் காட்சி இங்கே விழுந்து, நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. இந்த வேலைக்கு ஆக்சிஜன் நிறையத் தேவை. அதைக் கொண்டு வருபவை தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள்.

முள் குத்தாமலே அழற்சி

காலில் முள் குத்தினால், அந்த இடம் சிவந்து வீங்குகிறது அல்லவா? கிருமிகளோடு சண்டை போட ரத்த வெள்ளையணுக்கள் அங்கே ஓடி வருகின்றன. இதற்கு 'அழற்சி' என்று பெயர். காயம் ஆறியதும் சண்டை முடிந்துவிடும்.

ஆனால், ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அதிகமாகவே இருந்தால், குழாய்களின் உட்சுவர் கெட்டுப்போகிறது. உடனே வெள்ளையணுக்கள் அந்தச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. விரட்டக் கிருமி இல்லை. ஆனாலும் சண்டை நிற்பதில்லை! அடி வாங்குவது குழாய்கள்தான். சில அடைத்துக்கொள்ளும், சில புடைத்துக் கசியும். ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை, புதிய குழாய்களை முளைக்க வைக்கும். அவையோ பலவீனமானவை. எளிதில் உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் கசியும். பார்வையே பறிபோகலாம்.

கொழுப்பும் கூட்டாளி!

பஜ்ஜி, சிப்ஸ் என்று எண்ணெய்ப் பலகாரங்களை அளவில்லாமல் தின்றால், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். அந்தக் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களை ரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்ய முடியாமல் சர்க்கரை மேலும் ஏறுகிறது. ரத்தத்தில் உள்ள கொழுப்பும் குழாய் வழியே கசிந்து, விழித்திரையில் மஞ்சள் திட்டுகளாகப் படிகிறது.

இதில் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்வையும் மங்காது. ஆனால், டாக்டரின் கண்ணுக்குத் தப்பாது! உடம்பை அறுக்காமலே ரத்தக் குழாய்களை நேரில் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. அதற்கான கருவியை 1851ல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர், ஜெர்மனி விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

தடுக்க முடியுமா?

முடியும்! அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993ல் வெளியானது. சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, புதிதாக விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆய்வில் 13 வயதுப் பிள்ளைகளும் பங்கேற்றனர். ஆமாம், இன்சுலினே சுரக்காத ஒருவகைச் சர்க்கரை நோய் சிறுவர்களுக்கும் வரும். அது இனிப்பு தின்றதால் வருவதல்ல. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பன் இருந்தால், கேலி செய்யாதீர்கள், துணையாக இருங்கள்.

நீங்களும் கீரை, காய்கறி, பழங்கள் சாப்பிடுங்கள். மாலையில் ஓடி விளையாடுங்கள். இன்றே ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: ''பாட்டி, இந்த வருஷம் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையைப் பரிசோதனை பண்ணியாச்சா?''