அலுமாரிக்குள் ஒரு துவக்கு

ஞாயிறு மாலையில் சுவிஸ் ரயில் நிலையங்களில் நின்ற எம்மவர் பலர் இதைக் கண்டிருப்பர். சீருடை அணிந்த இளைஞர்கள் தோளில் துவக்கைக் கொளுவியபடி முகாமுக்குத் திரும்புவார்கள். துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு வந்த எனக்கு, முதன்முதல் கண்டபோது கால் நடுங்கியது.

இந்நாட்டில் இராணுவ சேவை செய்பவர் தமது துவக்கை வீட்டிலேயே வைத்திருக்கலாம். குடியுரிமை பெற்ற எங்கள் பொடியன்களையும் இன்று அச்சேவைக்கு அழைக்கிறார்கள். ஆகவே இது எங்கள் வீட்டு விடயமும்தான்.

துவக்கு என்றதும் நாம் கள்வனையும் கொலைகாரனையும் நினைக்கிறோம். ஆனால் சுவிஸில் துவக்கால் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்.

2004இல் இராணுவம் சீரமைக்கப்பட்டு, ஆட்தொகை ஏறத்தாழ அரைவாசியானது. அதனால் ஏராளமான வீடுகளிலிருந்து துவக்குகள் வெளியேறின. 1995 முதல் 2008 வரையான மரணக் கணக்குகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் 2013இல் முடிவை வெளியிட்டனர். 18 முதல் 43 வயதான ஆண்களிடையே தற்கொலை குறைந்திருந்தது. பெண்களிடமோ, அவர்களிலும் மூத்த ஆண்களிடமோ அப்படியான குறைவு இல்லை.

"துவக்கு இல்லாவிட்டால் வேறு வழி தேடுவார்கள்தானே?" என்று கேட்கலாம். குறைந்த துவக்குத் தற்கொலைகளில் 22 வீதமே வேறு வழிகளால் ஈடானது. சாகும் எண்ணம் பலருக்குச் சில மணித்தியாலங்களில், சிலவேளை நிமிடங்களில் தணிந்துவிடும். துவக்கு அந்த அவகாசத்தைத் தராது.

எங்கள் நாட்டிலும் இதுதான் நடந்தது. 1995இல் இலங்கையில் 100,000 பேருக்கு 47 பேரளவில் தற்கொலை செய்தனர். கொடிய பூச்சிநாசினிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் தொகை பாதியானது. சனத்தின் துன்பம் தீர்ந்ததால் அல்ல, கைக்கெட்டிய நஞ்சு குறைந்ததால்.

இராணுவத் துவக்குகளை வீடுகளிலிருந்து அகற்றக் கோரிய பிரேரணையை, 2011 பெப்ரவரி 13இல் நடந்த வாக்கெடுப்பில் 56.3 வீதமானோர் நிராகரித்தனர். எனினும் வீட்டில் ரவைகளைக் கொடுத்து வைப்பதை நிறுத்த 2007இலேயே முடிவாகியிருந்தது. விரும்பினால் துவக்கை ஆயுதக் களஞ்சியத்தில் செலவின்றி ஒப்படைக்கலாம்.

பெற்றோரே, மகன் சீருடையில் வந்தால் பெருமைப்படுங்கள், படமும் எடுங்கள். கூடவே, "தம்பி, துவக்கைக் களஞ்சியத்தில் விடலாமே" என்றும் சொல்லுங்கள். அவன் முகம் வாடிக் கதைபேச்சின்றி இருந்தால், "ஆம்பிளைப்பிள்ளை, தாங்குவான்" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். 143 என்ற தொலைபேசி இலக்கத்தில் இரவு பகலாக ஆள் இருக்கும்.

ஒரு துவக்குக்குத் தப்பி வந்தோம். இன்னொன்றை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவானேன்?