ஓர் அடி உடைத்தால் போதும்... பழைய குளியலறை வடிகாலைச் சரிசெய்யலாம்!

குளித்து அரை மணி நேரம் ஆன பிறகும் மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கும். வெளிச்சுவரின் அடியில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து உதிரும். வடிகால் ஓட்டையிலிருந்து நாற்றம் வரும். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் இது வழக்கமான தொல்லை. ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால், 'மொத்தத் தரையையும் பேர்த்துவிட்டுப் புதுசா டைல்ஸ் போட்டுடலாம்' என்பதுதான் பல நேரம் பதில். அறுவடைப் பணம் அதற்கே போய்விடுமே என்று பயந்து, பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவைப்பதும் ஆபத்துதான். செம்மண் சாந்தில் எழுப்பிய பழைய சுவரின் அடியில் தொடர்ந்து தண்ணீர் இறங்கினால், மண் இளகிச் சுவர் விரிசல் விடும். பாசி பிடித்த தரையில் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், பல வீடுகளில் வடிகாலைச் சுற்றி ஓர் அடி சதுரம் உடைத்தாலே வேலை முடிந்துவிடும்.

முதலில் வெளியே பாருங்கள்

குழாய் வெளியே வந்து சேரும் தொட்டியைத் திறந்து பாருங்கள். சோப்பு அழுக்கும் தலைமுடியும் சேர்ந்து கட்டியாக அடைத்திருக்கும். பக்கத்து மரத்தின் வேர்கூட உள்ளே புகுந்திருக்கும். கெட்டிக் கம்பி அல்லது மூங்கில் பிளாச்சு விட்டு வெளிப்பக்கமிருந்து குத்தி எடுத்து, வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். தேங்குவது மட்டும்தான் பிரச்னை என்றால், இத்தோடு சரியாகிவிடலாம்.

ஒரு நாள் சோதனை

ஓதம் இருந்தால் கசிவைத் தேட வேண்டும். வடிகால் வாயைத் துணி சுற்றிய பிளாஸ்டிக் உறையால் இறுக்கமாக அடையுங்கள். தரையில் 1 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்துத் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தால், தரையிலோ வடிகால் வாயைச் சுற்றிய இணைப்பிலோ கசிவு இருக்கிறது.

இறங்கவில்லை என்றால், அடைப்பை எடுத்துவிட்டுச் சொட்டு நீலம் கலந்த தண்ணீரைச் சில வாளி ஊற்றுங்கள். வெளிச்சுவரிலோ தரையோரத்திலோ நீலம் தெரிந்தால், உள்ளே குழாய்தான் உடைந்திருக்கிறது. சுவரில் ஏற்கெனவே விரிசல் இருந்தால், தண்ணீர் நிறுத்தும் சோதனை வேண்டாம்.

உடைத்துச் சரிசெய்யும் முறை

வடிகாலைச் சுற்றி ஓர் அடி சதுரம் கோடு போட்டு, கட்டர் மெஷினால் ஓரத்தை வெட்டிய பிறகு உளியால் மெதுவாக எடுக்க வேண்டும். நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் பக்கத்து டைல்ஸும் சேர்ந்து கிளம்பும்.

பழைய டிராப்பை எடுத்துவிட்டுப் புதிய பி.வி.சி 'நானி டிராப்' வைக்கலாம். பி.வி.சி குழாயோடு சொல்யூஷன் போட்டு ஒட்டலாம். பழைய சுட்டமண் குழாயாக இருந்தால், சிமென்ட் பாலில் நனைத்த சணலை இடைவெளியில் சுற்றித் திணித்து, மேலே சிமென்ட் கலவை பூச வேண்டும்.

பிளாஸ்டிக்கில் சிமென்ட் பிடிக்காது. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். டிராப்பின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காய்வதற்குள் உலர்ந்த மணலைத் தூவுங்கள். காய்ந்த பிறகு சொரசொரப்பாகி, சிமென்ட் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு 1 பங்கு சிமென்ட், 3 பங்கு மணலோடு நீர்க்கசிவு தடுக்கும் திரவம் கலந்து, இடைவெளி இல்லாமல் குத்தி நிரப்ப வேண்டும். டிராப்பின் வாய், தரை மட்டத்துக்குக் கால் அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். தரை வாட்டம் 5 அடிக்கு 1 அங்குலம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். மூன்று நாள் ஈரம் காயாமல் வைத்திருந்து, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து, அது காய்ந்ததும் மறுபடியும் 24 மணி நேரச் சோதனை செய்துவிட்டு டைல்ஸ் ஒட்டுங்கள். அதுவரை பம்ப்செட்டில் குளித்துக்கொள்ளலாம்.

சுவரோரம் வெறும் ஓட்டையாக விட்ட பழைய தூம்பு என்றால், டிராப் வைத்து ஜாலி மூடி போடும்போது பாம்பு, பெருச்சாளி வரும் வழியும் அடைபடும்.

நாற்றம் ஏன்?

டிராப்பின் கிண்ணத்தில் எப்போதும் 2 அங்குலம் தண்ணீர் நின்றால்தான் நாற்றம் மேலே வராது. புழங்காத குளியலறையில் இந்தத் தண்ணீர் வற்றிவிடும். வாரம் ஒரு குவளை ஊற்றினாலே போதும். ஊருக்குப் போவதாக இருந்தால், மேலே சில சொட்டு எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் வற்றாது.

அடைப்புக்கு ஆசிட் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது சிமென்ட் இணைப்பை அரித்துவிடும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் விஷவாயு கிளம்பும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

முழுத் தரையையும் எப்போது எடுக்க வேண்டும்?

தட்டிப் பார்க்கும்போது டைல்ஸ் பல இடங்களில் வெற்றொலி கொடுத்தால், தரை வாட்டம் வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால், குழாய் வீட்டின் நடுவே தரைக்கடியில் ஓடி அங்கே உடைந்திருந்தால், சின்ன ஒட்டுவேலை நிற்காது. சுவர் விரிசல் அகலமாகிக்கொண்டே போனால், முதலில் அனுபவமுள்ள கொத்தனாரிடம் அஸ்திவாரத்தைக் காட்டுங்கள். மற்றபடி, சோதனை செய்து பார்க்காமல் தரையில் உளி வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.