வண்டியே வீடு: இலையுதிர் காலப் பயணமும் ஓர் ஒலிநாடாவும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "பேக்கப், பேக்கப் என்கிறார்களே, அது அவ்வளவு அவசியமா?" இன்ஜினியரிங் படித்து, சாப்ட்வேர் துறையில் வேலை செய்யும் நானே அதற்கான பதிலை 2024 அக்டோபரில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதைதான் இது.

நானும் என் மனைவியும் அமெரிக்காவில் ஓர் ஆர்.வி.யில் குடியிருக்கிறோம். ரிக்ரியேஷனல் வெகிக்கிள் என்பதன் சுருக்கமே ஆர்.வி. நம் ஊர் வேன் அளவுள்ள முன்பக்கம். பின்னால் 24 அடி நீளத்திற்குள் கட்டில், அடுப்பு, குளியலறை, சாப்பாட்டு மேஜை. அந்த மேஜைதான் எங்கள் ஆபீஸ். இருவருக்கும் எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை என்பதால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டோம்.

என் மனைவி மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய உறவினர்கள் மிட்வெஸ்ட் எனப்படும் 12 மாநிலங்களில் சிதறி இருக்கிறார்கள். அத்தை மின்னியாபொலிஸ் அருகே, அப்பாவும் பாட்டியும் டெட்ராய்ட் அருகே, அக்கா சிகாகோவை அடுத்த அரோராவில். நவராத்திரியை அத்தை வீட்டில் தொடங்கி, தீபாவளிக்கு அக்கா வீட்டை அடைவது எங்கள் திட்டம். ஏறத்தாழ 2000 கிலோ மீட்டர்.

அத்தை வீட்டு கேசட்

அத்தை வீட்டில் ஏழு படி கொலு. அதன் அடியில் இருந்த அட்டைப் பெட்டியில் ஒரு பழைய ஆடியோ கேசட் கிடைத்தது. 1985ல் கும்பகோணத்திலிருந்து தாத்தா பேசி அனுப்பியது. வெளிநாட்டுக்கு போன் பேச நிறையச் செலவான அந்தக் காலத்தில், பலர் இப்படிக் கேசட்டில்தான் கடிதம் எழுதினார்கள். தாத்தா இப்போது இல்லை. பாட்டிக்கு 88 வயது. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து வருகிறது. அவருக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது சுலபம். டேப் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிளை, லைன்-இன் வசதியுள்ள யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் வழியாக லேப்டாப்பில் இணைக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரைத் திறந்து ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு, கேசட்டை ஓட விட வேண்டும். 40 நிமிடப் பேச்சு என்றால் பதிவாக 40 நிமிடம் ஆகும். சி.டி. தரத்தில் வேவ் பைலாகச் சேமித்தால் நிமிடத்திற்கு 10 மெகாபைட் வீதம் சுமார் 400 மெகாபைட். அதையே 128 கே.பி.பி.எஸ். அளவில் எம்பி3 ஆக மாற்றினால் 40 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

பதிவு முடிந்தது. இன்னொரு முறை கேட்கலாமே என்று கேசட்டைத் திரும்பவும் ஓட விட்டேன். 39 வருடப் பழைய நாடா பிளேயருக்குள் சிக்கி, கசங்கி, அறுந்தே போனது. எனக்கு முகம் வெளிறிவிட்டது. அத்தைதான் சமாதானம் சொன்னார். "பரவாயில்லை மாப்பிள்ளை, கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே! எனக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போங்க." அவருடைய பழைய டெஸ்க்டாப்பில் எம்பி3 பைலை மட்டும் காப்பி செய்துவிட்டுக் கிளம்பினோம்.

சிக்னல் இல்லாத காடு

டுலூத் வழியாக மிச்சிகனின் மேல் தீபகற்பத்திற்குள் நுழைந்தோம். பகல் குறைந்து இரவுக் குளிர் ஏறும்போது இலைகளில் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்களில் புதிதாகச் சிவப்பு நிறமியும் உருவாகிறது. வழி நெடுகிலும் மஞ்சள் குங்குமம் கொட்டியது போல இருந்தது. ஆனால் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. சாட்டிலைட் இன்டர்நெட் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே தொல்லைதான். மரங்கள் வானத்தை மறைத்தால் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும். எனவே கூகுள் மேப்ஸில் செல்லும் பகுதியை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்திருந்தோம். நீங்கள் கொடைக்கானலுக்குப் போனாலும் இதைச் செய்யலாம். மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டால் 'ஆஃப்லைன் மேப்ஸ்' என்று இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. இந்தத் தீபகற்பத்தில் விஸ்கான்சினை ஒட்டிய நான்கு மாவட்டங்களுக்கு மட்டும் நேரம் ஒரு மணி பின்தங்கியது. அதைத் தாண்டியதும் கடிகாரம் முன்னே போகிறது. இரவு 8 மணிக்குப் பாட்டியோடு வீடியோவில் பேசுவதாகச் சொல்லியிருந்தோம். சிக்னல் கிடைக்காததால் போனும் லேப்டாப்பும் பழைய நேரத்தையே காட்டின. ஓர் ஊரில் சிக்னல் கிடைத்துக் கூப்பிட்டபோது பாட்டி தூங்கிவிட்டார். "போனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க" என்றார் மாமனார். தானாக மாறும் நேரத்தை நம்பியது எங்கள் தவறு.

'டிக்... டிக்...'

என் லேப்டாப்பில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.தான். வழியில் எடுத்த வீடியோக்களால் அது நிரம்பிவிட்டது. இடம் வேண்டுமே என்று எல்லா போல்டர்களையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிற்கு மாற்றினேன். இங்கேதான் தவறு. கன்ட்ரோல் + சி அழுத்திக் காப்பி செய்யாமல், கன்ட்ரோல் + எக்ஸ் அழுத்தி 'கட்' செய்தேன். காப்பி செய்தால் பைல் இரண்டு இடத்தில் இருக்கும். கட் செய்து ஒட்டினால் ஒரே இடத்தில்தான் இருக்கும். இதைப் பேக்கப் என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

மறுநாள் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. மேல் அலமாரி திறந்து ஹார்ட் டிஸ்க் தரையில் விழுந்தது. இரவு செயின்ட் இக்னஸ் அருகே வண்டியை நிறுத்தி அதை இணைத்தால் 'டிக்... டிக்...' என்ற சத்தம் மட்டுமே வந்தது. ஹார்ட் டிஸ்க்கினுள் வேகமாகச் சுழலும் தட்டுக்கு மேல், மயிரிழையைவிடச் சிறிய இடைவெளியில் ஒரு ஹெட் மிதந்தபடி படிக்கிறது. கீழே விழுந்தால் அந்த அமைப்பு பாழாகிவிடும். இப்படிச் சத்தம் கேட்டால் உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் முயன்றால் தட்டில் கீறல் விழுந்து, நிபுணர்களாலும் மீட்க முடியாமல் போகும்.

லேப்டாப்பிலிருந்து அழிந்த பைலை மீட்கும் சாப்ட்வேரை ஓட்டிப் பார்த்தேன். பயனில்லை. எஸ்.எஸ்.டி.யில் ஒரு பைலை அழித்தால், ட்ரிம் என்ற கட்டளையின் பேரில் அந்த இடத்தை அதுவே துப்புரவாக்கிவிடுகிறது. கேசட்டும் இல்லை, பைலும் இல்லை. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "அத்தைக்கு ஒண்ணு போட்டீங்களே?" என்றாள்.

அத்தையின் டெஸ்க்டாப்

உடனே அத்தைக்குப் போன் செய்தோம். அந்த பைல் 25 மெகாபைட்டுக்கு மேல் இருப்பதால் ஜிமெயிலில் இணைத்து அனுப்ப முடியாது. அத்தைக்கு கூகுள் டிரைவ் பழக்கமில்லை. விண்டோஸிலேயே உள்ள குவிக் அசிஸ்ட் கைகொடுத்தது. கன்ட்ரோல் + விண்டோஸ் + க்யூ அழுத்தினால் அது திறக்கும். உதவி செய்பவர் தன் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து ஒரு கோடு எண் பெறுவார். உதவி பெறுபவர் அதை டைப் செய்து சம்மதித்தால், அவருடைய திரை இவருக்குத் தெரியும். ஒரு எச்சரிக்கை: "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று முன்பின் தெரியாதவர் போன் செய்து இப்படி ஓர் எண்ணைத் தந்தால் டைப் செய்யவே செய்யாதீர்கள். மோசடிக்காரர்களும் இதே வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

பைல் டிரைவில் ஏறியது. லேப்டாப்பிலும் இருவர் போனிலும் இறக்கிக்கொண்ட பிறகே சாப்பிட்டோம்.

மறுநாள் மேக்கினா பாலத்தைக் கடந்தோம். 1957ல் திறக்கப்பட்ட, சுமார் 8 கிலோ மீட்டர் நீளமான பாலம். காற்று பலமானால் எங்களைப் போன்ற உயரமான வண்டிகளைத் துணை வாகனத்தோடுதான் அனுப்புவார்கள். அன்று காற்று இல்லை.

விஜயதசமி அன்று டெட்ராய்ட் சேர்ந்தோம். பாட்டியின் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து பைலை ஓட விட்டேன். தாத்தா மழையைப் பற்றியும், மாட்டைப் பற்றியும், கொல்லையில் காய்த்த பலாவைப் பற்றியும் பேசினார். கடைசியில் "நீயும் ரெண்டு வார்த்தை பேசேன்" என்று அவர் சொல்ல, 49 வயதுப் பாட்டியின் குரல் வந்தது. பாட்டி முழுவதும் அசையாமல் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பதில் போடணும். நல்ல கேசட்டா ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார்.

போனில் ரெக்கார்ட் செய்தோம். பாட்டி 11 நிமிடம் பேசினார். அந்த பைல் இப்போது மூன்று வீடுகளிலும் டிரைவிலும் இருக்கிறது. அரோராவில் தீபாவளி அன்று அக்காவின் கம்ப்யூட்டரில் போட்டதுதான் மூன்றாவது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முக்கியமான பைல்களுக்கு மூன்று பிரதிகள் வையுங்கள். இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் அல்லது இன்டர்நெட்டில் இருக்கட்டும்.

2. பேக்கப்பிற்குக் காப்பி மட்டுமே. கட் வேண்டாம். புதிய பிரதியைத் திறந்து, ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

3. பயணத்திற்கு எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. நல்லது. அதில் சுழலும் பாகங்கள் இல்லை. ஆனால் அதுவும் தொலையலாம், பழுதாகலாம்.

4. கேசட், வீடியோ டேப் எதுவானாலும் முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்யுங்கள். இரண்டாம் வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். ஏற்றியதும், அத்தைக்கும் ஒன்று போட்டுக் கொடுங்கள்.