ஃபார்மட் செய்த லேப்டாப்பில் சம்பளப் பட்டியல்!

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் சித்தப்பா சென்ற மாதம் போன் செய்தார். "ஆபீஸ்ல ஆறு பழைய லேப்டாப் கெடக்குது கண்ணு. விண்டோஸ் 11 ஏறாதாம். பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துரலாம்னு ஃபார்மட் பண்ணி வெச்சிருக்கேன். நீ ஒருக்கா பார்த்துரு" என்றார். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் மூலைக்குப் போன லேப்டாப்களில் இவையும் சேர்த்தி.

செக்கிங் டேபிளில் பீஸ் பிரிப்பது போலத்தான் இதுவும். நல்லது பேக்கிங்கிற்கு, செகண்ட்ஸ் காதர்பேட்டைக்கு, கட்டிங் வேஸ்ட் மில்லுக்கு!

முதலில் பேட்டரியைப் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியோ அடிப்பாகம் புடைத்தோ இருந்தால் சார்ஜரை மாட்டவே கூடாது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. பஞ்சு பறக்கும் இடத்தில் அதை வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆறில் ஒன்று அப்படி இருந்தது, தனியே எடுத்து வைத்தேன். இன்னொன்று பத்து நிமிடத்தில் தானாகவே ஆஃப் ஆனது. மதர்போர்டு போய்விட்டது என்று ஒதுக்கியிருந்தார்கள். திறந்து பார்த்தால் ஃபேன் முழுக்கப் பஞ்சு! சுத்தம் செய்து, பிராசஸருக்குப் புதிய தெர்மல் பேஸ்ட் தடவியதும் சரியாகிவிட்டது.

அடுத்துதான் முக்கியமான விஷயம். ஃபார்மட் செய்த ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். ஃபைல் பெயர்கள் மட்டும்தான் போயிருந்தன. தொழிலாளர்களின் சம்பளப் பட்டியல், ஆதார் நகல்கள், பேங்க் அக்கவுண்ட் எண்கள், வெளிநாட்டு பையர் அனுப்பிய டிசைன்கள் எல்லாம் திரும்பி வந்தன. சித்தப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

காரணம் இதுதான். க்விக் ஃபார்மட் செய்வது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பது போல. உள்ளே இருக்கும் பக்கங்கள் அப்படியே இருக்கும். க்விக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தால், விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ்கள் அந்த டிரைவ் முழுக்கப் பூஜ்யங்களை எழுதும். ஹார்ட் டிஸ்க்கிற்கு ஒருமுறை எழுதினால் போதும். ஏழு முறை எழுத வேண்டும் என்பது பழைய கதை. விண்டோஸ் 10 இன்னும் இருந்தால் ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங், சேஞ்ச் செட்டிங்ஸ் எனப் போய் க்ளீன் டேட்டாவை ஆன் செய்யுங்கள். இரவில் ஓடவிடுங்கள், பல மணி நேரம் பிடிக்கும்.

எஸ்எஸ்டி என்றால் இந்த வழியை முழுதாக நம்ப முடியாது. நீங்கள் எழுதச் சொல்லும் இடத்தில் எழுதாமல் அது வேறு செல்லில் எழுதிக்கொள்ளும். பயாஸில் உள்ள செக்யூர் எரேஸ் அல்லது அந்த நிறுவனத்தின் டூலைப் பயன்படுத்துங்கள். ஓடாத டிஸ்க்கைக் கழற்றித் துளை போட்டுவிடுங்கள்.

பயாஸ் பாஸ்வேர்டை நீக்கவும் மறக்காதீர்கள். வாங்குபவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட் நன்றாகவே ஓடும். ஐந்தில் அதைத்தான் போட்டேன். உப்பிய பேட்டரி லேப்டாப்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும்.

கடைசியாக, சார்ஜரை அதற்குரிய லேப்டாப்போடு சேர்த்துக் கட்டி, மாடல் எண்ணை ஒட்டுங்கள். ஐந்து சார்ஜரும் ஒரே பையில் கலந்து, ஒரு மணி நேரம் நான் முனை தேடிக்கொண்டிருந்தேன்.